வாங்கிக்கொள்ள ஆளில்லாத முதுமை



ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி நெருங்கினால் எங்கள் பாடசாலைகளில் ஒரு பரபரப்பு ஏற்படுவது வழக்கம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1990 டிசெம்பர் 14ஆந் திகதி நிறைவேற்றிய தீர்மானத்தின்படி அன்றைய தினம் உலக முதியோர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தினத்தில் எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்களைக் கண்டி நகரத்திற்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றேன். நிகழ்ச்சி நிரலை நானே என் கையால் எழுதினேன். இறைவணக்கம், வரவேற்புரை, மாணவியரின் கோலாட்டம், பக்திப் பாடல்கள், பகலுணவு, சவர்க்காரமும் துவாயும் அடங்கிய பொதி வழங்கல், நன்றியுரை. மூன்று மணித்தியாலங்களில் எல்லாம் திருப்தியாக நிறைவேறியது. மாணவர்கள் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

பஸ்ஸில் ஏறுவதற்கு முன் விறாந்தையில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் விடைபெறச் சென்றேன். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நாற்பது வருடங்கள் கொழுந்தெடுத்தவர். "எப்படிப் பாட்டி, நிகழ்ச்சி நன்றாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு வாத்தியாரய்யா. போன மாசமும் ஒரு கூட்டம் வந்துச்சு. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. வர்றவங்க எல்லாரும் குடுக்கிறாங்க. எங்ககிட்ட யாரும் ஒன்னும் கேக்கிறதில்ல" என்றார்.

அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. வெயில், மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஆனால் வீடு திரும்பியபின் அந்த நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தேன். ஏழு அம்சங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலேனும் முதியவர்கள் செய்வதற்கு ஏதும் இல்லை. உட்கார்ந்திருப்பது, உண்பது, கைதட்டுவது, பொதியைப் பெற்றுக்கொள்வது என்பவைதாம் அவர்களுக்கு நான் ஒதுக்கியிருந்த பாத்திரங்கள். அந்த மூதாட்டியின் ஒரு வாக்கியமே இன்றைய உரைக்குக் காரணமாயிற்று.

முதியோர் இல்லங்களில் வாழ்வோரின் பொழுதை எவ்வாறு பயனுள்ளதாக அமைப்பது என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு விடயமாகிவிட்டது. நமது நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்களில் நூற்றுக்கு 12.4 வீதத்தினர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அதன் பின்னர் அந்த வீதம் மேலும் உயர்ந்து வந்துள்ளது. எனவே இது யாரோ சிலருடைய பிரச்சினையன்று. ஆயினும் இதற்கான விடையை வெளிநாட்டுக் கைநூல்களில் தேடுவதற்கு முன்னர், நாம் வாழும் இந்தக் கண்டி மலைகளின் வரலாற்றில் முதுமை எவ்வாறு இருந்தது என்று சற்றுத் திரும்பிப் பார்ப்பது நன்று.

கண்டி இராச்சியக் காலத்திலிருந்து இந்த மண்ணில் கலைகள் ஏடுகளில் மாத்திரம் வாழவில்லை, மனிதரில் வாழ்ந்தன. கொஹொம்பா கங்காரிய என்னும் சடங்கினையும் அதனோடு வளர்ந்த கண்டிய நடனத்தையும் மேளத்தையும் குருன்னான்சே எனப்படும் ஆசான்கள் தம் பரம்பரையினருக்குக் கற்பித்து வந்தனர். தாளம் முழுவதும் கிழவரின் நினைவில் இருந்தது. கால் தளர்ந்தபின் அவர் ஆடமாட்டார். ஆனால் அவர் முன்னிலையில்தான் இளையவன் ஆடிப் பழக வேண்டும். அந்தச் சமுதாயத்தில் முதியவரின் பொழுதை எவ்வாறு கழிப்பிப்பது என்ற கேள்வி எழுந்திராது. அவரிடமிருந்து பெறவேண்டியது இருந்தது. பெறுவதற்கு ஆளும் இருந்தது.

இதே மலைகளுக்கு 1820களில் கோப்பி வந்தது. கம்பளைப் பகுதியில் தொடங்கிய பயிர்ச்செய்கை விரைவாகப் பரவியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையே மலைகளை மூடியது. கோப்பிக்குப் பருவ காலத்தில் வந்து திரும்பிய மக்கள், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவைப்பட்டார்கள். ஆகவே குடும்பங்களாக லயன்களில் தங்கினார்கள். தங்கியவர்கள் இங்கேயே முதுமையடைந்தார்கள். மலையகத்தில் தமிழ் முதுமையின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகின்றது.

தோட்ட நிருவாகத்தைப் பொறுத்தவரை முதுமை என்பது மிக எளிமையான ஒரு விடயம். செக்ரோலில் பெயர் இருக்கும்வரை ஒருவர் தொழிலாளி. பெயர் வெட்டப்பட்ட பிறகு அவர் மகனுடைய காம்பராவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒருவர். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. அதற்கு முன்னர் உழைத்து ஓய்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் பிள்ளைகளின் கஞ்சியே ஓய்வூதியம். ஆகவே பழைய லயன் வாழ்க்கையை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. ஒற்றை அறையிலே மூன்று தலைமுறையினர் முடங்கிக் கிடந்தமையை அவ்வறையில் பிறந்தவர்கள் அறிவார்கள்.

ஆயினும் நிருவாகத்தின் பதிவேட்டிலிருந்து நீங்கிய அந்த முதியவர், லயத்தின் வாழ்விலிருந்து நீங்கிவிடவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. காலையில் தாய்மார் கொழுந்துக் கூடையோடு மலையேறினால் கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவிற்குச் செல்லும். அங்கே ஏணைகளை ஆட்டித் தாலாட்டுப் பாடிய ஆயாமாரிற் பலர் கூடை இறக்கிவைத்த முதிய பெண்களே. வைத்தியசாலை தொலைவிலிருந்த காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஓடிச்சென்று அழைத்து வரப்பட்டவளும் அனுபவமுள்ள கிழவியே. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பும் தப்பின் ஓசை வேறு. சாவை அறிவிக்கும் ஓசை வேறு. சாமி புறப்படும்போது அடிக்கும் ஓசை வேறு. அந்த வேறுபாடுகளையெல்லாம் இளைஞனுக்குக் கற்பித்தவர் கை நடுங்கத் தொடங்கிய பெரியவர்.

மாசி மாதத்தில் காமன் கூத்து வரும். அமாவாசை கழிந்து காமன் ஊன்றப்பட்ட நாள் முதல் பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரிக்கப்படும் வரை தோட்டம் முழுவதும் காமன் திடலில் கூடும். ரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் இளைஞர்கள். ஆனால் பாட்டு முழுவதும் கூத்து வாத்தியாரின் நெஞ்சில் இருந்தது. பகலில் எவரும் திரும்பிப் பார்க்காத அந்த வயோதிபர், இரவிலே திடலில் ஒரு சொல் பிழைத்தாலும் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துவார். கங்காணியும் அங்கே மறுத்துப் பேசமாட்டார். அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் இதுவே நிலை. செக்ரோலில் அவருக்கு இடமில்லை. காமன் திடலிலோ அவரின்றி ஒன்றும் அசையாது.

இந்த ஒழுங்கு எவ்வாறு குலைந்தது? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும் மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவு செய்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் தீர்மானிக்கப்பட்டது. எண்கள் தாளில் எளிதாகப் பிரிந்தன. குடும்பங்கள் அவ்வாறு பிரியவில்லை. ஒரே வீட்டில் மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தகப்பனுக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்தன. தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறியவர்களையும் ஏற்றிவிட்டவர்களையும் பற்றி மலையகச் சிறுகதைகள் நிறையப் பேசியுள்ளன. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பின்னர் மண்டபம் முகாம், அதன்பின் நீலகிரி. 1984இல் அந்தக் கப்பற் சேவையும் நின்றுபோயிற்று.

பின்னர் வந்த வன்செயல்களும், கொழும்புக் கடைகளையும் மத்திய கிழக்கு நாடுகளையும் நாடி இளைஞரும் பெண்களும் வெளியேறியமையும் எஞ்சியதையும் கலைத்துவிட்டன. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் ஒரு தீர்வைத் தந்தது. ஆனால் அது குடியுரிமையைத் தந்ததேயன்றிப் பிரிந்துபோன பிள்ளையைத் திரும்பத் தரவில்லை. முதியோர் இல்லத்தின் கட்டிலொன்றில் இன்று படுத்திருக்கும் ஒரு மலையகக் கிழவரின் பின்னால் இவ்வளவு வரலாறும் நிற்கின்றது. அவரிடம் சவர்க்காரப் பொதியொன்றை நீட்டிவிட்டு நாங்கள் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம்.

நேயர்களே, அந்த மூதாட்டி சொன்னதற்கு மாறாக, முதியவர்களிடம் கேட்கப் போனவர்களும் நம்மிடையே இருந்தார்கள். இருவரை மாத்திரம் இங்கு குறிப்பிட விரும்புகிறேன்.

முதலாமவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்திற்குத் தெரிவானவர். ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் நாவலும் எழுதிய அவர், தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். தொழிற்சங்கவாதியாக லயன்களுக்குச் சென்றபோது அம்மக்களின் கோரிக்கைகளை மட்டுமன்றிப் பாட்டுகளையும் கேட்டமைதான் அவருடைய சிறப்பு. 1984இல் அவர் மறைந்தார். அவர் கேட்டிராவிட்டால் அப்பாடல்களிற் பல பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும். அவர் வழியில் நின்று ஆராய்ந்த சாரல் நாடன் 1993இல் 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்னும் நூலைத் தந்தார்.

இரண்டாமவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய அவர், 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒரு புதுமையைச் செய்தார். படிக்காதவர்களின் கேளிக்கை என்று ஒதுக்கப்பட்டிருந்த நாட்டுக்கூத்தினை மகாவலிக் கரையிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்'. மட்டக்களப்புக் கிராமங்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் துணையோடு இந்தப் பணி நடைபெற்றது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்கினார். பட்டம் பெறாத ஒருவர் முன்னிலையில் பட்டப்படிப்பு மாணவர்கள் கைகட்டி நின்று கற்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். வித்தியானந்தன் அண்ணாவிமாருக்கு மாநாடுகள் கூட்டிப் பொன்னாடையும் போர்த்தினார். ஆனால் பொன்னாடையைவிடப் பெரிய மரியாதை, அவர்களிடம் உள்ளது எங்களுக்கு வேண்டும் என்று அவர் கேட்டமைதான்.

சி. வி.யும் வித்தியானந்தனும் முதியோர் நலனுக்காக உழைத்தவர்கள் அல்லர். ஒருவர் பாட்டைத் தேடினார். மற்றவர் கூத்தைத் தேடினார். ஆயினும் முதியோர் நலன் பற்றிய நூல்கள் பின்னாளில் சொன்னவற்றை அவர்கள் நடைமுறையில் செய்து காட்டினார்கள் எனலாம்.

அந்நூல்கள் என்ன சொல்கின்றன? 1963இல் றொபேட் பட்லர் என்னும் அமெரிக்க உளமருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வயோதிபர் பழைய கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்வது மூளைத் தளர்ச்சியின் அறிகுறி என்று அக்காலத்தில் பலர் கருதினர். பட்லர் அதனை மறுத்தார். வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது முதுமையின் இயல்பான கடமை என்றும், அதற்குச் செவிகொடுப்பது மருத்துவம் போன்றதென்றும் அவர் வாதிட்டார். 1976இல் எலன் லாங்கர், ஜூடித் றோடின் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் ஒரு பரிசோதனை செய்தனர். ஒரு பிரிவினருக்கு ஆளுக்கொரு பூஞ்செடியைத் தெரிவு செய்யவிட்டு, இதனைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு என்றனர். மற்றப் பிரிவினருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆனால் தண்ணீர் ஊற்றுவது தாதியரின் வேலை எனக் கூறப்பட்டது. மூன்று வாரங்களின் பின்னர் பொறுப்பேற்றவர்கள் மற்றவர்களிலும் பார்க்க உற்சாகத்துடன் காணப்பட்டனர். 1991இல் பில் தோமஸ் என்னும் வைத்தியர் நியூயோர்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் இல்லத்திற்குள் நாய்களையும் பூனைகளையும் பெருந்தொகையான பறவைகளையும் செடிகளையும் கொண்டு வந்தார். கவனிக்கப்படுவது மட்டும் மனிதனுக்குப் போதாது, அவன் எதையாவது கவனிக்கவும் வேண்டும் என்பதே அவரது கொள்கை.

பிள்ளைக் காம்பராவில் ஏணையாட்டிய கிழவிக்கு இதனை எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி எங்கள் அனுபவத்திற்கு வருகிறேன். அடுத்த தவணையில் அந்த இல்லத்தாரின் அனுமதியுடன் மாணவர் சிலர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் அங்கு செல்வதென ஏற்பாடு செய்தோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொப்பி. பொதி எதுவும் கொண்டு செல்லக்கூடாது என்பது ஒரு விதி. முதல் நாளில் பாட்டைக் கேட்கக்கூடாது, அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்றே கேட்கவேண்டும் என்பது மற்றொரு விதி.

எல்லாம் எளிதாக நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு பெரியவர் மூன்று முறை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் முறை சென்றபோது முற்றத்துச் செடிவேலியைக் காட்டி, "இதையா கவ்வாத்துன்னு வெட்டி வச்சிருக்கான்?" என்று ஏசினார். அவர் முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. இல்லத்தார் அவர் கையில் கத்தியைக் கொடுக்க அஞ்சினர். அவர்களுடைய அச்சமும் நியாயமானதே. இறுதியில் அவர் நாற்காலியில் இருந்தவாறே சொல்ல, மாணவன் ஒருவன் வெட்டினான். எந்தக் கிளையை விடுவது, எந்தக் கோணத்தில் வெட்டினால் மழைநீர் தங்காது என்றெல்லாம் அவர் கூறியதை மற்றொருவன் எழுதிக்கொண்டான். அன்று அவர் இரண்டு முறை தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று பணிப்பெண் வியந்து சொன்னாள்.

பாடசாலையின் கலைவிழாவிற்காகக் காமன் கூத்துப் பாட்டுகளை அறிந்த ஒருவரைத் தேடினோம். அங்கே ஒருவர் இருந்தார். புசல்லாவைப் பக்கத்தில் ரதி வேடம் போட்டவர். பெயர்களை மறந்துவிட்டார், காலையில் உண்டதை மறந்துவிட்டார். ஆனால் தாளம் தட்டினால் பாட்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு பாட்டுகள் எழுதினோம். மதனை எரித்தபின் ரதி புலம்பும் பகுதியை அடுத்த முறை சொல்வதாகக் கூறினார். இடையில் பரீட்சை வந்தது. நாங்கள் ஐந்து வாரம் செல்லவில்லை. சென்றபோது அவருடைய கட்டிலில் வேறொருவர் இருந்தார். அந்தக் கொப்பி என்னிடம் இருக்கின்றது. ரதி புலம்பல் என்று தலைப்பிட்ட பக்கம் வெறுமையாகவே உள்ளது. பரீட்சையின் மேல் பழி போடுவது எளிது. நான் ஒரு சனிக்கிழமை தனியே போயிருக்கலாம்.

தெல்தோட்டை மூதாட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் ஒப்பாரி பாடுவதில் பெயர் பெற்றவர் என்று பிறகு அறிந்தோம். என் மாணவி ஒருத்தி ஆவலுடன் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். "சாவு விழாத வீட்டுல அது பாடப்படாது. இங்க இருக்கிறவங்க எல்லாம் வயசானவங்க. நான் பாடினா அவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றார். பாடநூலில் ஒப்பாரியை வாய்மொழி இலக்கிய வகைகளுள் ஒன்று என்று மட்டும் படிப்பித்து வந்த எனக்கு அது ஒரு பாடமாயிற்று. கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு பின்னேரம் அவரே அந்த மாணவியை அழைத்துக்கொண்டு படலைக்கு வெளியே சென்று, வீதியோரத்துப் பலாமரத்தின் கீழ் அமர்ந்தார். தம் தாய் இறந்தபோது பாடியதைத் தணிந்த குரலில் வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். "ஏன் பாட்டி மனசு மாறினீங்க?" என்று அவள் கேட்டாளாம். "எங்கம்மாவுக்கு நான் பாடுனேன். எனக்கு யாரு பாடப்போறா? ஒருத்திக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டும்" என்றாராம். மாணவி அதனை என்னிடம் சொன்னபோது அழவில்லை. நான்தான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புறநானூற்றின் 243ஆம் பாடலை ஆண்டுதோறும் படிப்பிக்கின்றேன். கோலூன்றித் தளர்ந்த ஒரு முதியவர், இருமலுக்கிடையே தம் இளமையை, நீரில் பாய்ந்து விளையாடிய நாளை நினைவுகூரும் பாடல் அது. புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் ஊன்றுகோலைக் கொண்டே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். இளமை நில்லாது என்பதை விளக்கும் பாடலாகவே அதனை நெடுங்காலம் கற்பித்தேன். இப்போது மற்றொன்றையும் மாணவருக்குச் சொல்கிறேன். அந்த இருமலுக்கிடையே வந்த சொற்களை யாரோ ஒருவர் பொறுமையுடன் கேட்டிருக்கிறார்; கேட்டதனைக் காத்தும் தந்திருக்கிறார். அதனால்தான் அவை நம்மிடம் உள்ளன.

நமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கலாகாது என்கின்றது. பராமரிப்புக் கோரும் முதியவர் முறையிடுவதற்கு ஒரு சபையும் அதன்கீழ் அமைக்கப்பட்டது. கிராமங்கள்தோறும் முதியோர் குழுக்கள் உள்ளன. இவை வேண்டியவையே. ஆனால் சட்டத்தினால் சோற்றையும் மருந்தையும் பெற்றுக்கொடுக்க முடியும். ஒருவரிடம் இருப்பதைப் பெற்றுக்கொள்ளும் ஆளைப் பெற்றுக்கொடுக்க முடியாது.

அந்தனையில் 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. கொழுந்து அரைத்த இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் பூசி அங்கே வைத்திருக்கிறார்கள். கம்பளைக்கு அண்மையில், பழைய லயன் காம்பராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையொன்று 2007இல் அமைக்கப்பட்டது. கூடையும் தப்பும் அங்கே பேணப்படுகின்றன. இரண்டையும் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆனால் அந்தத் தப்பில் பெரட்டு அடி எது, சாவு அடி எது என்று கண்ணாடிப் பெட்டி சொல்லாது. அதனைச் சொல்லக்கூடியவர் சில மைல் தொலைவில் ஒரு விறாந்தையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இல்லங்களை நடத்துவோருக்கும் அங்கு செல்வோருக்கும் என் அனுபவத்திற்கு எட்டிய சிலவற்றைக் கூறி அமைகிறேன். ஒவ்வொருவரும் என்ன தொழில் செய்தார், எதில் கைதேர்ந்தவர் என்பதை நோய்க் குறிப்போடு சேர்த்து எழுதி வையுங்கள். எல்லாருக்கும் ஒரே நிகழ்ச்சி வேண்டாம். கண் மங்கியவருக்கு ஒன்று, காது மந்தமானவருக்கு ஒன்று, சும்மா இருக்க விரும்புபவருக்குச் சும்மா இருக்கும் உரிமை. வருடத்தில் ஒரு நாள் நூறு பேர் வருவதிலும் பார்க்க, மாதத்தில் இரு நாள் நான்கு பேர் வருவது மேல். அவர்கள் செய்வது யாருக்கோ உண்மையிலேயே தேவைப்படுவதாக இருக்கட்டும். பொழுதுபோக்கிற்காகக் கொடுக்கப்பட்ட வேலையை முதியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லத்திற்குச் செல்லும்வரை காத்திருக்கவேண்டியதும் இல்லை. நேயர்களே, உங்கள் வீட்டிலேயே ஒரு முதியவர் இருக்கக்கூடும். இன்றிரவு அவருக்குச் சாப்பாடு கொடுத்தபின், அவரிடமிருந்து ஏதாவதொன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பாட்டாக இருக்கலாம். மீன் குழம்பு வைக்கும் பக்குவமாக இருக்கலாம். தலைமன்னாருக்குப் போன புகையிரதத்தில் ஏறியவர்களின் பெயராக இருக்கலாம். அருகில் ஒரு கொப்பியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் உள்ள கொப்பியில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கின்றது. இந்தப் பகுதித் தோட்டங்களில் ரதி புலம்பல் முழுவதையும் அறிந்த பெரியவர் எவரேனும் இருந்தால், அவரைத் தேடி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.